என் விரல் தயங்கியது

ஆசிரியருக்கு வணக்கம்.

நியூஜெர்சியில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பினேன். அவள் அலுவலகத்தில் எல்லோரும் எடுத்த இன மனச்சாய்வுத் தேர்வை, அதாவது நாம் அறியாமலே ஓர் இனத்தின் பக்கம் மனம் சாய்கிறதா என்று பார்க்கும் கணினித் தேர்வை, நானும் அவள் மடிக்கணினியில் எடுத்துப் பார்த்தேன். உளவியலாளர் ஆந்தணி கிரீன்வால்ட் 1998இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட முறை அது. செகந்திராபாத்தில் பிறந்த மஹ்சரின் பானாஜியும் அதை வளர்த்தவர்களில் ஒருவர்.

திரையில் முகங்களும் நல்ல, கெட்ட சொற்களும் மாறி மாறி வரும்; ஒவ்வொன்றையும் இரண்டு பொத்தான்களில் ஒன்றை வேகமாக அழுத்திப் பிரிக்க வேண்டும். வெள்ளையர் முகமும் நல்ல சொல்லும் ஒரே பொத்தானில் இருந்தபோது விரல் தானாக ஓடியது. கறுப்பர் முகத்தோடு நல்ல சொல் சேர்ந்ததும் தயங்கியது. முப்பது வருடம் ஊசி போட்ட கை இது. வெள்ளையர் பக்கம் மிதமான சாய்வு என்று முடிவு வந்தது. அன்றிரவு தூக்கமே இல்லை. நானே கறுப்புதான். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் நிறத்தைச் சொல்லித்தான் திரும்பிப் போயின.

இன்னொரு நாள் எடுத்தால் முடிவு மாறலாம், தனி ஒருவரை எடைபோட இது போதாது என்கிறார்கள். சரி. ஆனால் அதற்கு முந்தின வாரம் ரயிலில் ஒரு கறுப்பின இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்ததும் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டேனே, அதை அளக்கக் கணினி எதற்கு? அவர் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

உங்கள் நாளிதழின் ஞாயிறு மணமகள் தேவை பகுதியில் இன்னமும் 'சிவந்த நிறம்' என்று வருகிறது. யார் பணம் கட்டினாலும் அந்தச் சொற்களை இனி அச்சிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

- ஓய்வுபெற்ற செவிலியர், உறையூர், திருச்சி