பின்னல் வட்டத்தை நடைபாதையில் வைக்காதீர்கள்: சர்வமத நல்லிணக்க விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம்.

ஊசியும் நூலும் கொண்டு கூடி உட்கார்ந்து துணி பின்னுகிறவர்கள் நாங்கள். சென்ற விழாவில் எங்கள் பின்னல் வட்டத்துக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும்: பின்னி முடிக்காத துணியை எங்களைக் கேட்காமலே வெட்டிவிட்டார்கள். நேரில் வந்து பேசினோம், எழுதியும் கொடுத்தோம். "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்றீர்கள். அந்த அடுத்த முறையின் நிகழ்ச்சி நிரல் வரைவு இப்போது கைக்கு வந்திருக்கிறது. அதிலும் எங்களை "பெண்களுக்கான கைவினைப் பகுதி" என்ற தலைப்பில், வாசலை ஒட்டிய நடைபாதையில்தான் போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நாங்கள் கேட்பது இதைத்தான்: பின்னல் வட்டத்தைக் கலை நிகழ்ச்சியாக மதித்து அரங்கின் நடுவில் வையுங்கள். தொடங்கியது முடியும்வரை அதைக் கலைக்காதீர்கள்.

வட்டத்தில் என்ன நடக்கிறது என்று உங்களில் பலர் நின்று பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். வெவ்வேறு மதத்தைச் சேர்ந்தவர்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவோம். ஆளுக்கு ஒரு பின்னல் சதுரம் கையில் இருக்கும். அது போக, எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீளத்துணி வட்டத்தைச் சுற்றி வரும். அது தன்னிடம் வந்ததும் பத்து வரிசை பின்னி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பார்வையாளர்கள் சுற்றி நிற்கலாம், கேள்வி கேட்கலாம், விருப்பமிருந்தால் ஊசியை வாங்கிப் பின்னியும் பார்க்கலாம். ஒவ்வொருவர் கையும் நூலை ஒவ்வொரு விதமாக இழுக்கும். இறுக்கிப் பின்னுகிறவரின் பத்து வரிசை ஒடுங்கியிருக்கும், தளர்வாகப் பின்னுகிறவருடையது அகன்றுவிடும். அதனால் துணியின் ஓரம் வளைந்து நெளிந்துதான் வரும். எந்த இடத்தில் ஒருவர் நிறுத்தினார், எங்கே அடுத்தவர் தொடங்கினார் என்று விரல் வைத்துக் காட்டலாம். அந்த ஓரத்தை நேராக்கச் சொல்லி உங்கள் குழுவிலிருந்தே ஒருவர் கேட்டார். நாங்கள் மறுத்தோம். நேராக்கினால் அதைப் பின்னியவர்கள் யார் என்பதே துணியில் தெரியாமல் போய்விடும்.

பின்னும்போது கண் கீழே இருக்கும், கை வேலையில் இருக்கும். எதிராளியின் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தயங்குகிற கேள்வி அப்போது சுலபமாக வாயில் வந்துவிடும். சென்ற முறை ஒரு வயதான கிறிஸ்தவ அம்மாவின் ஊசியிலிருந்து ஒரு கண்ணி, அதாவது நூல் வளையம், நழுவி, பல வரிசை கீழே இறங்கிவிட்டது. பதறிப்போனார். பக்கத்தில் இருந்த இளம் முஸ்லிம் பெண் துணியை வாங்கி மடியில் விரித்து, குரோஷா ஊசியால் அந்தக் கண்ணியைப் பிடித்து, குறுக்கே கிடந்த ஒவ்வொரு நூலையும் அதற்குள் இழுத்து இழுத்து மேலே கொண்டுவந்தார். உதடு அசைய எண்ணிக்கொண்டே செய்தார்.

"நீ எண்ணுறதப் பாத்தா ஜெபமாலை சொல்ற மாதிரியே இருக்கும்மா" என்றார் அந்த அம்மா.

"நாங்களும் எண்ணுவோம் பாட்டி, தஸ்பீஹ். சுப்ஹானல்லாஹ் முப்பத்து மூணு, அல்ஹம்துலில்லாஹ் முப்பத்து மூணு..."

எதிரே இருந்த பெரியவர் தன் ஜபமாலையில் 108 மணி என்றார். அப்புறம் பேச்சு எண்ணிக்கையில் நிற்கவில்லை. யாருக்காக எண்ணுகிறோம், எப்போது எண்ண முடியாமல் போனது, கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த அம்மா எத்தனை சுற்று முடித்தார் என்று போயிற்று. மூவரும் அதற்கு முன்னால் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை. உங்கள் அழைப்பிதழில் தடித்த எழுத்தில் இருக்கும் "மதங்களுக்கிடையே புரிதல்" என்பது இதைவிட வேறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் உள்ளே ஒலிபெருக்கியில் நான்காவது பேச்சாளர் நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் தாங்காமல் அந்த அம்மா சொன்னதில் பாதி எங்கள் காதில் விழவில்லை.

பிறகு நடந்ததுதான் இந்த மடலுக்குக் காரணம். பரிசளிப்புக்கு முன்னால் காட்சிப் பலகையில் துணியை மாட்ட வேண்டும் என்றார்கள். இன்னும் முடிக்கவில்லை என்றோம். பலகைக்கு நீளம் அதிகம் என்று சொல்லி, எங்களைக் கேட்காமலே ஊசியை உருவிவிட்டு, துணியைக் குறுக்கே கத்தரித்துவிட்டார்கள். வெட்டிய தன்னார்வலர் சின்னப் பையன். அவர்மேல் வருத்தம் இல்லை. வெட்டச் சொன்னவர்கள் விஷயம் தெரிந்துகொள்ளக்கூட முயலவில்லையே என்பதுதான் வருத்தம்.

நெய்த துணியை வெட்டினால் ஓரத்தில் பிசிர் பறக்கும், அவ்வளவுதான். பின்னல் அப்படியில்லை. அதில் ஒவ்வொரு கண்ணியையும் அதற்கு மேலுள்ள கண்ணிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசி வரிசைக் கண்ணிகளை முறையாக அடைத்து முடிக்காமல் ஊசியை எடுத்தால் அவை பிடிமானமில்லாமல் நிற்கும். குறுக்கே வெட்டினாலும் அதே கதிதான். பலகையில் இழுத்துக் குண்டூசி குத்தியதும், வெட்டிய இடத்திலிருந்து கண்ணிகள் ஒவ்வொன்றாக நழுவி, ஏணி போல இடைவெளி விழுந்து, பல பேருடைய வரிசைகள் கீழே இறங்கிப் போய்விட்டன. அந்த இளம் பெண் எடுத்துக் கட்டிய கண்ணியும் அதில் போயிற்று. வெட்டிய மேல் துண்டைக் குப்பைக் கூடையிலிருந்து நாங்கள்தான் எடுத்தோம்.

பின்னலை வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுக்காரர்கள் வெட்டத்தான் செய்கிறார்கள். வெட்ட வேண்டிய இடத்தை முன்கூட்டியே தீர்மானித்து, அதற்கென்றே கூடுதல் கண்ணிகள் போட்டுப் பின்னி, பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பார்கள். எங்களிடம் பலகையின் அளவை முதல் நாளே சொல்லியிருந்தால் அதற்கேற்ப முடித்துக் கொடுத்திருப்போம். கேட்கத்தான் ஆளில்லை.

இது கலையா, பொழுதுபோக்கா என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். ஸ்பெயினில் புர்கோஸ் நகரத்து லாஸ் உவெல்காஸ் மடாலயத்தில் இளவரசர் ஃபெர்னாண்டோ தெ லா செர்தாவின் கல்லறை இருக்கிறது. அவர் இறந்தது 1275-ல். அவரோடு வைத்த பட்டுத் தலையணை உறை கையால் பின்னியது. அதில் அரச குடும்பத்தின் சின்னங்கள் இருக்கின்றன. ஓரத்தில் அரபு எழுத்தில் "ஆசி" என்ற சொல்லும் பின்னப்பட்டிருக்கிறது. அங்கே கிறிஸ்தவ அரச குடும்பத்துக்கு முஸ்லிம் பின்னல்காரர்கள் வேலை செய்தார்கள். அந்த அளவு நுணுக்கமான வேலையைத் தலைக்கடியில் வைத்துத்தான் ஒரு கிறிஸ்தவ இளவரசரை அடக்கம் செய்தார்கள். அதற்குச் சுமார் 125 வருடத்துக்குப் பிறகு ஜெர்மனியில் மாஸ்டர் பெர்ட்ராம் என்ற ஓவியர், மரியாள் உட்கார்ந்து ஊசிகளால் குழந்தை இயேசுவுக்குத் தையல் இல்லாத அங்கி பின்னுவதாகத் தேவாலயப் பீடத்துக்குப் படம் வரைந்தார். இன்று கிடைத்திருக்கிற மிகப் பழைய பின்னல் துணிகள் பல எகிப்திலிருந்து வந்த பருத்திக் காலுறைகள், இஸ்லாமிய ஆட்சிக்காலத்தவை. இந்தக் கலையின் ஆரம்பமே மதங்களின் எல்லையைத் தாண்டித்தான் இருந்திருக்கிறது.

"பெண்களுக்கான" என்ற சொல்லையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஐரோப்பாவில் பின்னல் தொழிற்குழுக்களில் நூற்றாண்டுக் கணக்கில் ஆண்கள்தான் இருந்தார்கள். பெருவில் டிடிகாகா ஏரியிலுள்ள டக்கீலே தீவில் இன்றும் தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. அத்தீவின் துணிக்கலையை 2005-ல் யுனெஸ்கோ மனிதகுல மரபுச் செல்வமாக அறிவித்தது. எங்கள் வட்டத்திலும் ஆண்கள் இருக்கிறார்கள். அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் இந்த முறை வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பொது இடத்தில் பின்னலை வைத்து ஒரு பெரிய கருத்தைச் சொன்னவர்களும் உண்டு. 2006-ல் மரியான் யோர்கென்சென் என்ற டென்மார்க் கலைஞர், பல நாட்டுத் தன்னார்வலர்கள் பின்னி அனுப்பிய 4,000-க்கும் மேற்பட்ட இளஞ்சிவப்புச் சதுரங்களை ஒட்டுப்போட்டு, கோபன்ஹேகனில் ஒரு பீரங்கி வண்டியை முழுவதும் போர்த்தினார். ஈராக் போருக்கு எதிரான எதிர்ப்பு அது. அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 1998-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் இரண்டு பெண்கள் தொடங்கிய பிரார்த்தனைச் சால்வை இயக்கத்தில், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு வேண்டுதலாகப் பின்னி நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் கொடுக்கிறார்கள். வெவ்வேறு நம்பிக்கைக்காரர்கள் அதை எடுத்துச் செய்கிறார்கள்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 1893-ல் சிகாகோவில் சர்வமத மாநாடு கூடியபோது, ஒரு மதத்தவர் பேச இன்னொரு மதத்தவர் உட்கார்ந்து கேட்டது பெரிய காரியம். விவேகானந்தரின் பேச்சை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதற்குப் பிறகு நல்லிணக்க விழா என்றாலே மேடை, ஒலிவாங்கி, மதத்துக்கு ஒரு தலைவர், கடைசியில் எல்லோரும் கைகோத்து ஒரு படம் என்று ஆகிவிட்டது. 2010-ல் ஐ.நா. பொதுச்சபை பிப்ரவரி முதல் வாரத்தைச் சர்வமத நல்லிணக்க வாரமாக அறிவித்ததே, சாதாரண மக்களிடம் இது போய்ச் சேரட்டும் என்றுதானே? சாதாரண மக்கள் நடைபாதையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் வழிபாட்டைப் பற்றித் தப்பாக ஏதோ நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு இடமும் இரண்டு மணி நேரமும் வேண்டும். அதை நாங்கள் கொடுத்தோம். நீங்கள் பாதியில் நிறுத்தினீர்கள்.

சரி, கோபத்தை நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். விழாவுக்காக எவ்வளவு அலைகிறீர்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் மீண்டும் பணிவாகக் கேட்கிறேன்.

பின்னல் வட்டத்தை அரங்கின் நடுவில் வையுங்கள். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியை நிறுத்தி வையுங்கள். வயதானவர்கள் சாய்ந்து உட்காரும்படி முதுகு உள்ள நாற்காலியும் நல்ல வெளிச்சமும் வேண்டும். நாளையும் மாற்றுங்கள். வரைவில் சனிக்கிழமை பிற்பகல் என்றிருக்கிறது. ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் யூதர்கள் அன்று ஊசியைத் தொடமாட்டார்கள். இதைச் சென்ற முறையே சொன்னோம். வெள்ளி மதியமும் ஞாயிறு காலையும் ஏன் கூடாது என்று நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளி தவிர்த்த வாரநாள் மாலை எல்லோருக்கும் ஒத்துவரும். வட்டம் முடிந்ததும் கண்ணிகளை அடைத்து, துணியை எங்கே எப்படி மாட்டுவது என்று நாங்களே செய்து தருகிறோம். தொடங்கியது முடியும்வரை அதைக் கலைக்காமல் இருந்தால் போதும்.

வெட்டிய துணியின் கீழ்ப்பகுதி இன்னும் உங்கள் அலுவலகத்தில் பலகையோடு இருப்பதாகச் சொன்னார்கள். அதையும் திருப்பிக் கொடுங்கள். நழுவிய கண்ணிகளை ஊசியில் ஏற்ற முடியுமா என்று பார்க்கிறோம். குண்டூசியை நீங்கள் எடுக்க வேண்டாம், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம்.

நிரல் அச்சுக்குப் போன பிறகு மாற்ற முடியாது என்று போன தடவை சொன்னீர்கள். அதனால் இந்த முறை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே, சம்மதமா இல்லையா என்று எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பின்னல் வட்டத்திலிருந்து ஒருவர்