பிரேயரில் தலைப்புச் செய்தி வாசித்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில் எனக்குத் தெரிந்த பல பள்ளிகளில், காலை பிரேயரில் திருக்குறள் முடிந்ததும் ஒரு பிள்ளை வந்து அன்றைய தலைப்புச் செய்திகளை வாசிக்கும். நல்ல பழக்கம். ஆனால் வாசித்ததோடு சரி, வரிசை கலைந்து வகுப்புக்குப் போன பிறகு அந்தச் செய்தியைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. இதை யார் சொன்னார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும், எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று கேட்கவும் பிள்ளைகளைப் பழக்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

தண்டையார்பேட்டையில் மாலையில் டியூஷன் எடுக்கிறேன். மழை நேரத்தில் ஒருநாள், புழல் ஏரிக் கரை உடைந்துவிட்டது என்று பிள்ளைகள் வீட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்து, பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். உட்காருங்கள், நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம் என்றேன். எட்டாவது படிக்கும் பெண்தான் கண்டுபிடித்தாள்: பின்னால் தெரிந்த கடை போர்டில் தெலுங்கு எழுத்து, தண்ணீரில் நின்ற ஆட்டோவின் நம்பர் ஏபி என்று தொடங்கியது. அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, பார்க்க நேரம் கொடுத்தோம், அவ்வளவுதான். அதே வகுப்பில் ஒரு பையன் அன்றிலிருந்து எந்தச் செய்தியைச் சொன்னாலும் "எல்லாமே பொய் மிஸ்" என்கிறான். அதுவும் ஆபத்துதான், எதையுமே நம்பமாட்டேன் என்பவனும் யோசிக்கிற வேலையை விட்டுவிட்டான் என்றுதான் அர்த்தம்.

இது சின்ன விஷயம் இல்லை. பழவேற்காடு நமக்குத் தூரமா என்ன? 2018 மே மாதம், குழந்தை கடத்துபவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி அங்கே ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் சுற்றி, பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரிக்கும் அளவுக்குப் போனது.

ஒரு பள்ளியில் இதைப் பற்றிப் பேசினேன். "வகுப்புக்குள் அரசியல் வேண்டாம் மேடம், நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால் நான்தான் பதில் சொல்லணும்" என்றார் தலைமை ஆசிரியர். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எண்ணூர்ப் பிள்ளைக்கு நடப்புச் செய்தி என்பது ஏற்கெனவே வீட்டு வாசலில்தான் நடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படிந்து, படகு, வலை எல்லாம் கறுப்பானது. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அந்த நாட்களின் இரண்டு பத்திரிகைகளை எடுத்து மேசைமேல் வையுங்கள். மீனவர்கள் சொன்னது, கம்பெனி சொன்னது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள், யார் எதை ஆதாரமாகக் காட்டினார்கள், எதற்குப் பதிலே வரவில்லை என்று அவர்களே தேடட்டும். ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லவே வேண்டாம். இதில் கட்சி எங்கே வருகிறது?

கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் 2018-லேயே அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியைக் கண்டுபிடிப்பது பற்றி வகுப்பு நடத்தியது. நாமும் வாரத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்கலாம், பரீட்சை, மார்க் எதுவும் வேண்டாம், அது வந்தால் அதையும் மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசியாக, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். முதல் பக்கத்தில் வந்த செய்தி தவறு என்று தெரிந்தால் திருத்தத்தை உள்பக்க மூலையில் போடாதீர்கள், அதையும் முதல் பக்கத்திலேயே, எந்தத் தேதிச் செய்தியில் என்ன தவறு என்று தெளிவாகப் போடுங்கள். பிரேயரில் பிள்ளைகள் வாசிப்பது முதல் பக்கத்தை மட்டும்தான்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை