ஆச்சியை உட்கார வைத்துவிடாதே

அன்புள்ள ராசா,

அடுத்த வாரம் ஆச்சி மும்பை சயானுக்கு, உன் வீட்டுக்கு வந்துவிடுவாள். “இடத்தை விட்டு அசையவே விட மாட்டேம்மா” என்று போனில் சொன்னாயே, எனக்கு அதுதான் பயம். நடக்காத காலில் சதை கரையும், கரைந்த கால்தான் தடுக்கும். அவள் நடக்கட்டும். நடக்கிற வழியை நீ ஒழுங்கு பண்ணு.

முதலில் ராத்திரி வழி. கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை எட்டு, பத்து அடிதான் இருக்கும். ஆனால் தூக்கக் கலக்கம், இருட்டு, அவசரம் மூன்றும் அங்கேதான் சேரும். அந்த வழி நெடுக இரண்டு ராத்திரி விளக்கு போடு. கால் துடைக்கும் மிதியடியை எடுத்துவிடு, சார்ஜர் வயரைச் சுவரோரம் ஒதுக்கு. உன் வீட்டு மோரியின், அதாவது குளிக்கும் இடத்தின், விளிம்புத் திட்டு தரையின் நிறத்திலேயே இருக்கிறது, கிழக்கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் மஞ்சள் டேப் ஒட்டு.

பிடிகம்பியைத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் மாட்டு. துண்டு போடும் கம்பி ஆளைத் தாங்காது, அவள் பிடித்து எழுந்தால் திருகோடு பிய்ந்து வரும். ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கம்பியும் வேண்டாம், ஈரத்தில் நழுவிவிடும். டைல்ஸைத் துளைத்து உள்ளே செங்கல் வரை போல்ட் இறங்க வேண்டும். ஆள் வேலையை முடித்ததும் நீயே முழு பலத்தோடு தொங்கிப் பார். மணையில் குந்திக் குளிப்பது அவள் பழக்கம், எழும்போதுதான் ஆபத்து. ரப்பர் கால் போட்ட உயரமான நாற்காலி வாங்கு.

எழுந்ததும் தலை சுற்றுகிறதா என்று கேட்டால் “ஒண்ணுமில்லை” என்பாள். அளந்து பார். ஐந்து நிமிஷம் படுக்க வைத்து பி.பி. எடு, பிறகு நிற்க வைத்து முதல் நிமிஷத்திலும் மூன்றாம் நிமிஷத்திலும் எடு. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டோடு போ. தூக்க மாத்திரை, நீர் மாத்திரை, சளிக்கு வாங்கும் அலர்ஜி மாத்திரை எல்லாவற்றையும் காட்டு. நீயாக எதையும் நிறுத்தாதே.

இன்னொரு சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல். பக்கத்திலேயே நில். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை, பிசியோதெரபிஸ்டிடம் காட்டு. வீட்டில் அடுப்படி மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது பத்து முறை, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது பத்து முறை. மிக்ஸி ஓடும் நேரத்தில் முடிந்துவிடும். நைட்டி கணுக்கால் தெரிய இருக்கட்டும். ஹவாய் செருப்புக்குப் பதில் குதிகாலில் பட்டை உள்ளது வாங்கு. அவளுடைய இரட்டை லென்ஸ் கண்ணாடி படி இறங்கும்போது கீழ்ப்பக்கம் மங்கலாகக் காட்டும், அதனால் கைப்பிடியை விடாமல் மெதுவாக இறங்கச் சொல்.

அப்படியும் விழுந்தால் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடாதே. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடு. தலையில் அடிபட்டிருந்தால், ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவள் என்பதால் நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

கட்டிலில் உட்கார்ந்தால் அவள் பாதம் முழுதும் தரையில் படிய வேண்டும். நாளைக்கே மெத்தையோடு சேர்த்து உயரத்தை அளந்து அனுப்பு. ஆச்சியின் முழங்கால் உயரத்தை நான் இங்கே அளந்து வைத்துவிட்டேன்.

அம்மா