கடல் நீர்நாய்களுக்கு இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் இணைப்பில் அண்மையில் வெளியான கடல் நீர்நாய் பற்றிய குறிப்பு, அந்த விலங்கை நல்ல படங்களுடன் அறிமுகப்படுத்தியிருந்தது. ஆனால், வேட்டை தடைசெய்யப்பட்ட பிறகு அவை முழுமையாக மீண்டுவிட்டன என்று அதில் இருந்த வரி, கலிபோர்னியாவைப் பொறுத்தவரையேனும் சரியன்று. விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், மகள் வசிக்கும் சான் ஹோசே நகரிலிருந்து மான்டரே விரிகுடாவுக்குப் பலமுறை சென்றுவந்தவன் என்ற முறையிலும் இதுபற்றிச் சில விவரங்களைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

1741-இல் பெரிங் என்ற கடற்பயண ஆய்வாளர் தலைமையில் சென்ற ரஷ்யக் கப்பல் சேதமடைய, உயிர்தப்பியவர்கள் இவ்விலங்கின் தோலுடன் ஊர் திரும்பியதிலிருந்து தொடங்கிய வேட்டை, வட பசிபிக் கடலெங்கும் ஒன்றரை லட்சத்துக்கும் மூன்று லட்சத்துக்கும் இடையில் இருந்திருக்கக்கூடிய கடல் நீர்நாய்களை இரண்டாயிரத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. 1911-இல் நான்கு நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேட்டையை நிறுத்தியபோது, கலிபோர்னியாவில் பிக் சர் பகுதியின் பாறைக் கரையோரம் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 50 மட்டுமே. இன்று அம்மாநிலத்தில் உள்ள சுமார் 3,000 கடல் நீர்நாய்களும் அந்த ஐம்பதின் வழிவந்தவை. அழிவின் விளிம்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது பெரிய விஷயம்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆயினும் அந்த எண்ணிக்கை பல ஆண்டுகளாக அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. சட்டப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்குவது பற்றிப் பரிசீலிக்க, மூன்று ஆண்டுகளின் சராசரி 3,090-ஐத் தாண்ட வேண்டும் என்பது அமெரிக்க அரசு வகுத்த அளவுகோல். 2016-இல் கணக்கெடுப்பு 3,272 என்று காட்டியபோது பலரும் மகிழ்ந்தார்கள். 2019-இல் அது 2,962 ஆகக் குறைந்தது. பட்டியலிலிருந்து நீக்கக் கோரி மீன்பிடித் துறையினர் சார்பில் மனு அளிக்கப்பட்டபோது, அமெரிக்க மீன்வள, வனவிலங்குத் துறை அதை 2023-இல் ஏற்க மறுத்தது. அந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. ஏனெனில் இங்கே எண்ணிக்கையைவிடப் பெரிய குறை இடக்குறை. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வரை பரவியிருந்த இந்த இனம், தெற்கே ஒரு தீவில் உள்ள சிறு கூட்டத்தைத் தவிர்த்தால், இன்று மத்தியக் கலிபோர்னியாவின் ஒரு துண்டுக் கரைக்குள்தான் வாழ்கிறது.

இதில் உள்ள ஆபத்தைப் புரிந்துகொள்ள இவற்றின் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் உள்ள கொழுப்புப் படலம் கடல் நீர்நாய்க்குக் கிடையாது. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் வரை செறிந்த மயிர்களுக்கிடையே அது அடைத்து வைத்திருக்கும் காற்றே குளிர் அண்டாமல் காக்கிறது. அம்மயிரில் எண்ணெய் படிந்துவிட்டால் காற்று வெளியேறி, குளிர்நீர் தோலைத் தொடுகிறது. அதைச் சுத்தம் செய்ய நக்கும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகிறது. 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவில் தரைதட்டியபோது இறந்தவை ஆயிரத்துக்கும் மேல். அப்பகுதிக் கூட்டம் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது. அதுபோன்ற ஒரு விபத்து மத்தியக் கலிபோர்னியாவில் நேர்ந்தால், மீண்டும் குடியேற்ற வேறெங்கே போவது?

சரி, அவை தாமாகவே வடக்கும் தெற்கும் பரவக்கூடாதா என்று கேட்கலாம். பரவ முயலும் இடத்தில்தான் வெள்ளைச் சுறா நிற்கிறது. சுறாக்கள் கடல் நீர்நாயை உண்பதில்லை. ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகின்றன. ஆனால் அந்த ஒரு கடியே பெரும்பாலும் போதுமானதாகிவிடுகிறது. கெல்ப் எனப்படும் நெடிய கடற்பாசிக் காடு மேற்பரப்பில் அடர்ந்து படர்ந்திருக்கும் இடங்களில் இக்கடிகள் குறைவு. வாழிடத்தின் இரு முனைகளிலும், காடு மெலிந்த இடங்களில், அதிகம். 2013 முதல், கடல் முள்ளெலிகளைத் தின்னும் நட்சத்திர மீன்கள் நோயால் மடிந்ததும், அடுத்து வந்த கடல் வெப்ப அலையும், பாசியைத் தின்னும் அந்த முள்ளெலிகள் (முள் நிறைந்த உருண்டை வடிவக் கடலுயிர்கள்) பெருகியதும் சேர்ந்து வடக்குக் கலிபோர்னியாவின் கெல்ப் காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழித்துவிட்டன. முள்ளெலியைத் தின்று காட்டைக் காக்கும் கடல் நீர்நாய் அங்கே இல்லை. காடு இல்லாததால் அது அங்கே போகவும் முடியவில்லை.

ஆகவே மனிதர்களே கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது. இதில் தோல்விகளும் உண்டு. 1970-இலும் 1971-இலும், கலிபோர்னியாவுக்கு வடக்கே உள்ள ஓரிகன் மாநிலக் கரையில் விடப்பட்டவை சில ஆண்டுகளில் மறைந்துவிட்டன. 1987-க்கும் 1990-க்கும் இடையே, தெற்கே உள்ள சான் நிக்கோலஸ் தீவுக்கு மாற்றப்பட்ட 140-இல் பெரும்பாலானவை தங்கவில்லை. பல நீந்தித் தம் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. மீனவர்களைச் சமாதானப்படுத்த அப்போது தெற்கே கடல் நீர்நாய் நுழையக்கூடாத எல்லை ஒன்றையும் வகுத்தார்கள்; நீரில் கோடு கிழித்த அந்த வினோத ஏற்பாடு 2012-இல்தான் கைவிடப்பட்டது. ஆனால் அத்தீவில் தங்கிய சிலவே இன்று நூறைத் தாண்டியிருக்கின்றன. தென்கிழக்கு அலாஸ்காவில் 1960-களில் விடப்பட்ட சுமார் 400, இருபதாயிரத்துக்கும் மேலாகப் பெருகின. அங்கே நண்டும் சிப்பியும் குறைந்து மீனவர்கள் வருமானம் இழந்தது உண்மை. அவர்களது புகாரை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. இழப்பீட்டையும் இடத்தேர்வையும் அவர்களோடு முன்கூட்டியே பேசித் தீர்க்காத எந்தத் திட்டமும் நிலைக்காது. வடக்குக் கலிபோர்னியாவிலும் ஓரிகனிலும் மறுகுடியேற்றம் சாத்தியமே என்று அரசுத் துறையின் ஆய்வு 2022-இல் கூறிவிட்ட பின், மேலும் தாமதிக்கக் காரணம் இல்லை.

கரையில் வசிப்பவர்களும் வருபவர்களும் செய்ய வேண்டியவையும் உள்ளன. பூனைக் கழிவில் இருக்கும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மழைநீரோடு கடலுக்குள் சென்று நத்தை, சிப்பி வழியாகக் கடல் நீர்நாயின் மூளையைத் தாக்குகிறது. அதனால்தான் பூனைக் கழிவைக் கழிப்பறையிலோ வடிகாலிலோ கொட்டவேண்டாம் என்ற எச்சரிக்கையை, வளர்ப்புப் பூனைகள் கழிவதற்கென விற்கும் மணல் பொட்டலங்களில் அச்சிடக் கலிபோர்னியா சட்டம் இயற்றியது.

மான்டரேக்கு வடக்கே மாஸ் லேண்டிங் துறைமுகத்தில், கடல் நீர்நாய்கள் கல்லில் சிப்பியை மோதி உடைக்கும் டக், டக் என்ற ஒலி கரைவரை கேட்கும். மேற்பரப்பில் மிதக்கும் பாசியைக் குட்டியின்மேல் சுற்றி, அலையில் விலகிப் போகாதபடி நிறுத்திவிட்டுத் தாய் இரைதேடி மூழ்குவதையும் இப்பகுதியில் காணலாம். குட்டி பால்குடி மறக்கும் சமயத்தில் தாயின் உணவுத் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அந்த நிலையில் படம் எடுக்கத் துடுப்புப்படகை நெருக்கிச் செல்பவர்களால் அது ஒவ்வொரு முறையும் விழித்து மூழ்க நேர்ந்தால், மிச்சமிருக்கும் வலுவும் வீணாகிறது. உணவு கொடுப்பது இன்னும் மோசம். மனிதரிடம் பழகிவிட்டால் அதைக் கடலிலிருந்தே பிடித்துச் செல்ல வேண்டிய நிலை வரும். சான் ஹோசே வட்டாரத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வசிக்கின்றன. ஊரிலிருந்து வரும் பெற்றோரை மான்டரேக்கு அழைத்துச் செல்லாத வீடு அரிது. குறைந்தது அறுபது அடி தள்ளி நிற்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்துச் செல்லலாம். அம்மாநில வருமான வரிப் படிவத்தில், கடல் நீர்நாய்களின் நோய், இறப்பு குறித்த ஆய்வுகளுக்கு உதவும் நிதிக்கு விரும்பிய தொகையைச் சேர்க்க ஒரு வரி இருக்கிறது. கணக்குப் பார்ப்பவரிடம் அதையும் நிரப்பச் சொல்லலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.