பந்துக்கு அந்தப் பக்கத்து மண்

பள்ளத்தூர்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள சோமு,

கோல்ஃப் ஆட்டம் கைகூடவில்லை என்று புலம்பிய உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்கு வீட்டு மராமத்துதான் காரணம். போன ஐப்பசி மழையில் இரண்டாங்கட்டில் ஒழுகி, சுவரில் காரை பொரிந்துவிட்டது. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைப்பது இப்போது குதிரைக்கொம்பு. ஒருவழியாகக் கிடைத்தவர் கடுக்காய், முட்டை என்று சாமான் பட்டியல் நீட்ட, "வீடு பூசவா, விருந்து வைக்கவா?" என்று வள்ளி கேட்டாள். முகப்பில் உடைந்திருந்த கல்லுக்குப் பதிலாக ஆத்தங்குடியிலிருந்து புதுக் கல் வந்து பதித்தாகிவிட்டது. பழைய பூவும் புதுப் பூவும் நிறம் சேரவில்லை. "நாலு பேர் நடந்து நடந்து பத்து வருசத்துல சேந்துரும் அண்ணே" என்றார் கொத்தனார். பத்து வருசம் என்னும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு பழனிக்கு நடந்தேன். போய்ச் சேர்ந்துவிட்டேன், ஆனால் இடது முழங்கால் இன்னும் முனகுகிறது. இந்த முழங்காலை நினைவில் வைத்துக்கொள், பிறகு வேண்டியிருக்கும்.

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். "7 அயர்ன் குச்சியை எடுத்தா பந்துக்கு முன்னாடி மண்ணு பேர்ந்து வருது, பந்து குழி இருக்குற கிரீனுக்குப் பாதி தூரம்கூடப் போகமாட்டேங்குது" என்று எழுதியிருக்கிறாய். முதலில் இந்த 'முன்னாடி'யை விட்டொழி. நாம் கோலாலம்பூரில் விளையாடப் பழகிய காலத்திலிருந்து நம்மைக் குழப்பியது இந்த ஒரு வார்த்தைதான். பந்தில் படுவதற்கு முன்னாடி மண்ணில் பட்டால் தப்பு. ஆனால் பந்து இருந்த இடத்துக்கு முன்னாடி மண் பெயர்ந்தால் அதுதான் சரி! சொல்லிக் கொடுத்தவர் ஒன்றைச் சொன்னார், நாம் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டோம். அதனால் நான் இப்போது இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றுதான் சொல்கிறேன். பந்துக்கும் கொடிக்கும் நடுவில் இருப்பது அந்தப் பக்கம். மண் பெயர்ந்த பள்ளம், அதாவது டிவட், அங்கேதான் விழ வேண்டும்.

அயர்ன் இறங்கும்போதே பந்தைச் சந்தித்துவிட வேண்டும். வீச்சின் அடிமட்டம் அதற்கும் அப்பால், நன்றாக ஆடுகிறவர்களுக்குச் சுமார் 4 அங்குலம் தள்ளி வரும். பெரிய ஆட்டக்காரர்கள் 7 அயர்னை ஏறத்தாழ 4 டிகிரி சரிவில் இறக்குகிறார்கள். கோடாலி வெட்டெல்லாம் இல்லை, விமானம் தரையிறங்குவது போன்ற சரிவு. பந்தைத் தூக்கிவிடுவது அயர்ன் முகத்தின் சாய்வு, அதாவது லாஃப்ட். அது 30 டிகிரிக்கு மேலே கீழே எப்படியும் இருக்கிறது. நாம் என்ன செய்தோம்? 46 கிராம்கூட இல்லாத பந்தை, ஏதோ கிணற்றிலிருந்து வாளி இறைப்பதுபோல் மணிக்கட்டால் தூக்கப் பார்த்தோம். தூக்க நினைத்த நொடியில் உடம்பு வலது காலில் சாய்ந்துவிடும், அடிமட்டமும் கூடவே இந்தப் பக்கம் வந்துவிடும். மண்ணில் பட்டால் ஃபேட், மண்ணைத் தாண்டி மேலேறிப் பந்தின் தலையில் பட்டால் டாப். இரண்டும் ஒரே வியாதிதான்.

இதை முப்பது வருசமாக நமக்குக் காட்டாமல் மறைத்தது டிரைவிங் ரேஞ்சின் மேட், அதாவது அடித்துப் பழகும் இடத்தில் போட்டிருக்கும் செயற்கைப்புல் விரிப்பு. இரண்டு அங்குலம் பின்னால் பட்டாலும் அயர்னின் அடிப்பாகம் மேட்டில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தட்டிவிடும். பந்தும் பறக்கும். நாமும் மார் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போவோம். மறுநாள் உங்கள் ஊர் மாட்டுப்புல்லில், அதுவும் மழை பெய்து ஊறிய மண்ணில், அதே வீச்சு போட்டால் அயர்ன் அப்படியே சிக்கிக்கொள்ளும்.

இங்கே மேட் ஏது? மராமத்துக்கு இறக்கிய மணலில் கொஞ்சம் மிச்சம். அதைப் பின்கட்டுத் தோட்டத்தில் பத்தடி நீளத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, கொத்தனாரின் மட்டப்பலகையால் இழுத்துவிட்டேன். நீளவாக்கில் வள்ளியின் கோலப்பொடியால் ஒரு கோடு. பந்து கிடையாது. கோட்டின் மேல் பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீச்சுக்கும் கோட்டின் வழியே அரை அடி நகர்ந்து நகர்ந்து இருபது தடவை வீசினேன். பிறகு குனிந்து பார்த்தேன். மூன்றே மூன்று தழும்புதான் கோட்டில் தொடங்கி அந்தப் பக்கம் போயிருந்தது. மிச்சம் பதினேழும் இந்தப் பக்கம், இரண்டு விரல், மூன்று விரல் தள்ளி வரிசையாக. சோமு, எனக்குக் கூச்சமாகிவிட்டது. வட்டிக்கடைப் பெட்டியடிப் பையனின் கணக்கு நோட்டை மேலாள் பிரித்துப் பார்த்தது போல.

உடனே பந்தை வலது காலுக்குத் தள்ளி வை என்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதையும் செய்து பார்த்தேன். தழும்பு அப்படியே இருந்த இடத்தில் இருக்கிறது, கோடுதான் நகர்கிறது. பந்தில் முதலில் படும்தான், ஆனால் அது தாழ்வாகச் சீறிக்கொண்டு வலப்பக்கம் போகும். அதை வைத்தியம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 7 அயர்னுக்குப் பந்து காலிடை நடுவிலோ ஒரு பந்தளவு இடப்பக்கமோ இருந்தால் போதும்.

காரணம் முழங்காலில் இருந்தது. இடது கால் வலிக்குமே என்று, எனக்கே தெரியாமல் வலது காலிலேயே தங்கிவிடுகிறேன். பழனிக்குப் போனதால் வந்த பழக்கம் என்று முதலில் நினைத்தேன். வள்ளிதான் நீ 1998-இல் எடுத்த போட்டோவைத் தேடி எடுத்து வந்தாள். அதிலும் அப்படியேதான் நிற்கிறேன். முருகன் மேல் பழி போட வழியில்லை.

பிறகு அரை வீச்சுதான். வலது குதிகாலைத் தூக்கி, விரல் நுனியை மட்டும் ஊன்றி, பாரமெல்லாம் இடது காலில் வைத்து, இடுப்பளவுக்கு மட்டும் வீசுவது. அடிபடும்போது கைகள் பந்தைத் தாண்டி முன்னே இருக்க வேண்டும். நாலைந்து நாள் இதையே செய்த பிறகு கண்மாய்க்குப் போனேன். தண்ணீர் வற்றிய ஓரத்தில் அருகம்புல்லும் ஈரமும் மிச்சம் இருக்கிறது. சித்திரை வந்துவிட்டால் செம்மண் கல்லாக இறுகி மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். பந்துக்கு ஒரு கையகலம் பின்னால் என் துண்டை மடித்துப் போட்டு, துண்டில் படாமல் அடித்தேன். ஆடு மேய்க்க வந்தவர் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "அய்யா, மண்ணுப் பரிசோதனைக்கு வந்திருக்கீகளா?" என்றார். ஆமாம் என்றுவிட்டேன், பொய்யும் இல்லையே. துண்டை அவருடைய ஆடு மென்று ஒரு மூலையைக் காலி செய்துவிட்டது.

இப்போது இருபதுக்குப் பன்னிரண்டு, நல்ல நாளில் பதின்மூன்று. மண் அடைபோல் மொத்தமாகப் பெயர்ந்தால் செங்குத்தாக வெட்டுகிறேன் என்று அர்த்தம். முறுவல் தோசை கனத்துக்கு வந்தால் அன்றைக்கு மனசு நிறைந்துவிடுகிறது. அந்தச் சத்தமும் வேறு. முதலில் 'டக்', அதற்குப் பின்னால் 'சர்ர்'. மேட்டில் நாம் கேட்டதே இல்லை.

நீ அடுத்த முறை ஆடும்போது பந்து இருந்த இடத்தில் ஒரு டீயை, அதுதான் பந்து வைக்கும் ஆணியை, குத்தி வைத்து, டிவட்டோடு சேர்த்துப் பின்னாலிருந்து போட்டோ எடுத்து அனுப்பு. பள்ளம் எங்கே தொடங்குகிறது, இடப்பக்கம் திரும்பிப் போகிறதா, அயர்னின் நுனிப்பக்கம் மட்டும் ஆழமாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். நுனி மட்டும் ஆழமென்றால் உன் குச்சி உன் உயரத்துக்குப் பொருந்தவில்லையோ என்றும் யோசிக்க வேண்டும். எடுத்த பிறகு பள்ளத்தை மணல் போட்டு மூடிவிடு, பை தூக்கும் கேடி பார்த்துக்கொள்வான் என்று நகர்ந்துவிடாதே. அந்தக் கெட்ட பழக்கம் உனக்கு உண்டு.

ஆனியில் பேரன் காதுகுத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது பழைய பந்து இரண்டு டஜன் கொண்டு வா. புதுசு வேண்டாம், கண்மாய் முள்ளுக்குள் போய்விட்டால் மனசு தாங்காது. துண்டு ஒன்றும் சேர்த்துக்கொள்.

உன்,
மெய்யப்பன்