அந்த ஒரு வரிக்குக் கீழே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பற்றிய உங்கள் கட்டுரையில், 'கட்டி கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டால் அறுவைக்கு வழியில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நாலு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. குளிப்பாட்டும்போது வலது விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஏதோ என் மனைவியின் கையில் தட்டுப்பட்டது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, விளையாட்டும் குறையவில்லை. ஸ்கேன், ரத்தத்தில் ஏஎஃப்பி (கல்லீரலில் இந்த மாதிரிக் கட்டி இருந்தால் ஏறும் ஒரு புரதம்), அப்புறம் பயாப்சி. ஹெபடோபிளாஸ்டோமா என்றார்கள். சின்னக் குழந்தைகளின் கல்லீரலில் வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். கல்லீரலை நான்கு பகுதியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்; அவளுக்கு நான்கிலும் கட்டி.

கீமோ கொடுத்துப் பார்க்கலாம், சுருங்கினால் வெட்டி எடுக்கலாம் என்றார் முதலில் பார்த்த மருத்துவர். அது சரியான வழிதான். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கு இந்தக் கட்டி நன்றாகச் சுருங்கும், பெரும்பாலான குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று அறுவையே தேவைப்படாது. ஆனால் சுருங்காவிட்டால்? அவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. இரண்டாவது சுற்று கீமோ முடிந்த பிறகு ஒரு நர்ஸம்மாதான், "கல்லீரல் மாற்று செய்கிறவர்களிடம் ஒரு தடவை காட்டிவிடுங்களேன்" என்றார்.

இதில் நாள் முக்கியம். தானம் தருபவரைப் பரிசோதித்து முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கீமோவை நீட்டிக்கொண்டே போனால் கட்டி மருந்துக்குப் பழகிவிடும். 2004இல் வெளியான உலகளாவிய தொகுப்பு ஒன்றைப் பிறகு படித்தேன். நேராக மாற்று அறுவை செய்த குழந்தைகளில் 6 ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 82 சதவீதம். முதலில் வெட்டி எடுத்து, அது பலிக்காமல் பிறகு மாற்றுக்கு வந்தவர்களில் 30 சதவீதம். நுரையீரலுக்குப் பரவியிருந்தாலும், கீமோவிலோ அறுவையிலோ அங்கே சுத்தமாகிவிட்டால் மாற்று செய்ய வாய்ப்பு உண்டு.

தானம் தந்தது என் மனைவி. அவள் கல்லீரலின் இடது ஓரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. குழந்தைக்கு அதுவே போதும். 1967இல் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸ்ல் செய்த, வெற்றி என்று சொல்லப்படும் முதல் கல்லீரல் மாற்றும் புற்றுநோய் வந்த ஒரு 19 மாதக் குழந்தைக்குத்தான். ஓராண்டுக்குச் சற்று மேல் வாழ்ந்தாள், நோய் திரும்பிவிட்டது. அன்று சிஸ்பிளாட்டின் கிடையாது.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் என்ற மருந்து தினமும் இரண்டு வேளை, அதே நேரத்தில், ஆயுள் முழுக்க. சிஸ்பிளாட்டின் அவள் காதையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. 'ஸ்', 'ஷ்' அவளுக்குக் கேட்காது. 'பஸ்' என்றால் 'ப' என்பாள். இப்போது மெஷின் வைத்துக்கொள்கிறாள். நோய் கல்லீரலைத் தாண்டாத குழந்தைகளுக்கு, சிஸ்பிளாட்டின் ஏற்றி 6 மணி நேரம் கழித்து சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்தைக் கொடுத்தால் காது கெடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2018இலேயே ஆய்வு வந்திருக்கிறது. இதையும் பெற்றோர் முதல் ஊசிக்கு முன்பே கேட்க வேண்டும்.

அடுத்த இதழில் அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி போடுங்கள்: 'பயாப்சி முடிவு வந்த அன்றே, குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று செய்யும் குழுவிடம் ஸ்கேனைக் காட்டுங்கள்.'

இப்படிக்கு,
ஒரு தகப்பன்