கல்யாணிக்கு, மாட்டுங்காவிலிருந்து

அன்புள்ள கல்யாணிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் மாமியாருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை வத்சலா சொல்லித் தெரிந்துகொண்டேன். உன் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்கு நீ எப்படித் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் "பம்பாய்க்காரிக்கு நேரமேது" என்ற அந்தப் பழைய வசனத்தை மட்டும் எடுக்காதே, அதைப் படித்தாலே ஜியாமெட்ரி மிஸ்ஸின் குரல் காதில் விழுகிறது.

உன் மகள் சித்ரா வேலைக்காக இங்கே, பம்பாயின் நம் மாட்டுங்காவுக்கே வந்து தங்கப்போகிறாள் என்றதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அவள் எங்கே சாப்பிடுவாள், ரவிக்கையை யாரிடம் தைக்கக் கொடுப்பாள், தலைமுடியை யாரை நம்பி ஒப்படைப்பாள் என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறாய். எல்லாம் கைப்பேசியில் கிடைக்கும் என்று அவள் சொல்கிறாளாம். கிடைக்கும்தான். ஆனால் எந்தக் கடைக்கு எந்த நேரத்தில் போகக் கூடாது என்பதை அதில் யாரும் எழுதி வைப்பதில்லை.

இங்கே உள்ளூர் ரயிலில் ஏறும் முன்பே அவளுக்கு ஒன்றைச் சொல்லிவிடு. மத்திய ரயில்வேயில் இருப்பது மாட்டுங்கா, மேற்கு ரயில்வேயில் இருப்பது மாட்டுங்கா ரோடு, ஹார்பர் பாதையில் இருப்பது கிங்ஸ் சர்க்கிள். அவள் இறங்க வேண்டியது முதலாவதில். 2017 முதல் அந்த நிலையத்தில் நிலைய மேலாளர் தொடங்கி டிக்கெட் பரிசோதகர் வரை பெண்களே பணியாற்றுகிறார்கள் என்பதால் இரவு நேரம் கழித்து வந்தாலும் உன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மட்டும் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் போக வேண்டாம். அங்கே தண்ணீர் தேங்குவது நம் பள்ளிக்கூட நாளில் இருந்தது போலவே இன்றும் இருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். காலையில் அலுவலகம் போகும் அவசரத்தில் ராம் ஆஷ்ரயா. அன்னாசி ஷீராவை, நம் கேசரி மாதிரி இருக்குமே, அதை விட்டுவிடாமல் கேட்கச் சொல், யாரோ முன்பின் தெரியாதவர் எதிரே வந்து உட்கார்ந்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடச் சொல். கஃபே மெட்ராஸில் ராகி தோசையும் வெண்ணெய் மிதக்கும் இட்லியும் வேறெங்கும் அந்தப் பதத்தில் கிடைக்கா. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போனால் பெயரைக் கொடுத்துவிட்டு வாசலில் வெகுநேரம் நிற்க வேண்டும், திங்கட்கிழமையில் போனால் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கும் நாளில் நிலையத்துக்குப் பக்கத்து மார்க்கெட் மாடியில் இருக்கும் ராமா நாயக்கின் வாழையிலைச் சாப்பாடு. நீ அங்கே எடுத்த தயிர்சாதச் சபதத்தை அவளிடம் நான் சொல்லப்போவதில்லை, பயப்படாதே.

இந்த மூன்றும் முறையே 1939, 1940, 1942 ஆகிய ஆண்டுகளில் தொடங்கியவை. நாம் என்னவோ "நம்ம ஹோட்டல்" என்று உரிமை கொண்டாடினாலும், இவற்றைத் தொடங்கியவர்கள் கன்னடக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சாம்பாரில் வெல்லம் எட்டிப்பார்ப்பதன் காரணமும் அதுதான். சித்ரா கோயம்புத்தூர் நாக்கோடு வந்து "இது என்ன இனிப்பு" என்று கேட்பாள். ஒரு மாதம் கழித்துக் கேட்க மாட்டாள்.

பொருள் வாங்குவதற்கு அதிகம் அலைய வேண்டாம். ஆஸ்திக சமாஜக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தொடுத்த மல்லிகை, வாழையிலை, சின்ன வெங்காயம், வாழைப்பூ, சேனை என்று எல்லாமே கிடைக்கும். காபிப் பொடிக்கு மைசூர் கன்ஸர்ன்ஸ். சிக்கரி எவ்வளவு என்று அவர்கள் கேட்கும்போது அவள் விழிக்காமல் இருக்க வேண்டும், நீ சொல்லிக் கொடுத்து அனுப்பு. பூஜைச் சாமான், சுலோகப் புத்தகம் எல்லாவற்றுக்கும் கிரி டிரேடிங் கடை இருக்கிறது. அதை மயிலாப்பூர்க் கடை என்றுதான் சென்னைக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; 1951இல் பம்பாயில் தொடங்கியது என்று உன் சம்பந்தியிடம் ஒருமுறை சொல்லிப் பார், அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கலாம்.

தையலுக்கும் தலைமுடிக்கும் நான் யாரைச் சொல்வேன் என்று உனக்கே தெரியும். நம் கட்டடத்தின் கீழ்த்தளத்து மாஸ்டர், அவருக்கு அடுத்த கதவில் பார்லர் அக்கா. உன் கல்யாணத்தன்று விடியற்காலையில் உனக்கு ஆண்டாள் கொண்டை போட்டு, அது சரியாமல் இரவு வரை நின்றதே, அதே அக்காதான். இப்போது கை கொஞ்சம் நடுங்குகிறது; புருவம் திருத்த நூலை எடுத்துவிட்டால் மட்டும் அந்த நடுக்கம் எங்கே போகிறதோ தெரியவில்லை. அவர்களுக்கும் அப்பால், என் அப்பாவும் மூன்றாம் மாடிக் கர்னலும் ஞாயிறுதோறும் அரசியல் பேசி முகம் மழித்துக்கொண்ட சலூன். கண்ணாடிகள் கூட மாறவில்லை.

நான் பதில் எழுதாமல் இருந்ததன் காரணமும் இந்த மூன்று கதவுகள்தாம், கல்யாணி. கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்குக் கட்டுமான நிறுவனம் ஒன்று வந்துவிட்டது. கூட்டம் மேல் கூட்டமாக நடக்கிறது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதவர்கள் மிகச் சிலரே. இன்றுவரை நானும் அவர்களில் ஒருத்தி.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. மாட்டுங்காவின் ருசியைப் பற்றி எழுதுகிறவர்கள் கைப்பக்குவம், பரம்பரை, பாரம்பரியம் என்று உருகுகிறார்கள். வாடகையைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதுவதில்லை. 1896இல் பிளேக் வந்து ஊர் காலியான பிறகு, நெரிசலைக் குறைப்பதற்காக இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற நகரச் சீரமைப்பு அமைப்பு தாதர், மாட்டுங்கா பக்கத்தில் மனை பிரித்து இந்தத் தெருக்களை அகலமாகப் போட்டது. மேலே குடித்தனம், கீழே கடை என்று கட்டடங்கள் எழுந்தன. பிறகு 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வந்து, 1940 செப்டம்பர் முதல் தேதியில் இருந்த வாடகையை அளவாக வைத்து அதை ஏறத்தாழ அங்கேயே நிறுத்திவிட்டது. பகடி என்கிற மொத்தத் தொகையை முன்னால் கொடுத்து உள்ளே வந்தவரை வீட்டுக்காரர் எளிதில் கிளப்ப முடியாது. 1999ஆம் ஆண்டுச் சட்டமும் வருடத்துக்கு நான்கு விழுக்காடு உயர்த்தத்தான் இடம் கொடுத்தது. வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு போயிற்று. மாஸ்டரைப் போன்றவர்களுக்கு நீடித்தது. இந்த நகரத்தின் நிலவிலையில் ஒரு சலூன்காரர் நடுத்தெருவில் கடை வைத்துக்கொண்டு, நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் கூலியை வாங்கிப் பிழைத்ததற்கு அவருடைய கத்தரிக்கோல் பாதிக் காரணம், அந்தச் சட்டம் மீதிக் காரணம்.

அதே சட்டம்தான் கட்டடத்தையும் கொன்றது என்று கர்னலின் மகன் கூட்டத்தில் எழுந்து சொன்னான். மறுக்க முடியவில்லை. ஒரு டீச் செலவுக்குக் காணாத வாடகையை வாங்குகிற வீட்டுக்காரர் எதற்காகக் கூரையைப் பூசுவார்? 1969இல் அரசு பழுதுபார்ப்பு வாரியம் அமைத்து, பழைய கட்டடங்களிடம் தனித் தீர்வை வாங்கி, ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. எங்கள் கூடத்தில் இரண்டு இடத்தில் முட்டுக்கட்டை நிற்கிறது. மழை வந்தால் உன் மஞ்சள் பக்கெட் இன்றும் அதே மூலையில்தான்.

விதிப்படி கடைக்காரர்களுக்கும் இருந்த அளவு இடத்தைப் புதுக் கட்டடத்தில் திருப்பித் தந்தாக வேண்டும். எனவே அவர்களுக்கு அநியாயம் நடக்கப்போகிறது என்று நான் சொல்லவில்லை; தாளில் பார்த்தால் இத்தனை நாள் வாடகைக்காரர்களாக இருந்தவர்கள் உரிமையாளர்களே ஆகிறார்கள். ஆனால் இடித்துக் கட்டி முடிக்கும் வரை சில ஆண்டுகள் வேறிடம் போக வேண்டும். அறுபதைத் தாண்டிய பார்லர் அக்கா அந்தச் சில ஆண்டுகளை எங்கே கழிப்பாள், அதற்குள் அவளுடைய வாடிக்கைக்காரர்கள் எங்கே போவார்கள்? திரும்பி வந்தாலும் லிஃப்ட், காவல், ஜெனரேட்டர், தோட்டம் என்று மாதாமாதம் வரப்போகும் பராமரிப்புக் கட்டணத்தைப் புருவத்துக்கு வாங்கும் காசில் கட்ட முடியுமா? அந்த இடத்தைக் கேக் கடைக்கோ மருந்துக் கடைக்கோ விட்டு வாடகை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவதுதான் அவளுக்கு லாபம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவள், சிரிக்காதே, அவளேதான். வருத்தம் எனக்குத்தான் இருக்கிறது, அவளுக்கு இல்லை. இது எனக்கு அவமானமாகக்கூட இருந்தது.

மாஸ்டரின் கதை வேறு. அவர் இங்கேயே கிடந்து தைப்பேன் என்கிறார். சலூன்காரரின் மகன் ஏற்கெனவே தாணேயில் ஏசி வைத்த கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், அப்பாவையும் அழைக்கிறான். நாம் கல்லூரி நாளில் கூட்டமாகப் போன மணீஸ் ஹோட்டலும் ரூயா கல்லூரிப் பக்கத்தை விட்டுச் செம்பூருக்குப் போய்விட்டது. அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் என் கால் தானாகத் தயங்குகிறது.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று நீ கேட்பாய். கையெழுத்துப் போடத்தான் போகிறேன். மூன்று மாடி ஏற அம்மாவால் முடியவில்லை. போன தீபாவளிக்குப் பிறகு அவள் தெருவில் கால் வைக்கவே இல்லை; கோயில், பூக்கடை எல்லாம் பால்கனியிலிருந்துதான். அந்த லிஃப்ட்டை மறுக்க எனக்கு உரிமை இல்லை. லிஃப்ட்டும் வேண்டும், பழைய கடைகளும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் வயதும் எனக்கு இல்லை. இருந்தாலும் பேனாவை எடுத்தால் கை போகமாட்டேன் என்கிறது. உனக்கு எழுதினால் தெளியும் என்று பார்த்தேன், கொஞ்சம்தான் தெளிந்திருக்கிறது.

ஆகவே சித்ராவை இந்தப் பருவத்திலேயே, மழைக்கு முன்னால் அனுப்பிவிடு. வந்த வாரத்திலேயே மாஸ்டரிடம் அளவு கொடுக்கட்டும். அவள் கல்யாணத்துக்கான ரவிக்கைகளையும் முன்கூட்டியே தைத்து வைத்துவிடலாம் என்று நீ நினைத்தால், மாப்பிள்ளை பார்க்கவில்லையே என்று தயங்காமல் துணியையும் கொடுத்து அனுப்பு, உள்மடிப்பில் நிறையத் துணி விட்டுத் தைக்கச் சொல்கிறேன். முடியை மட்டும் கோயம்புத்தூரில் வெட்டிவிட்டு வர வேண்டாம். எந்த ரயில் என்று எழுது, தாதருக்கு நானே வருகிறேன். போன முறை அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயில் உப்பு அதிகம். இந்த முறை பார்த்துப் போடு.

அன்புடன்,
உன் ராஜி